பாண்டீஸ்வரி கழற்றிய கண்ணாடி

செல்லூர் பாண்டீஸ்வரிக்கு இரண்டாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்துவிட்டது. வயசோடு பவரும் ஏறி, கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. படிப்பில் கெட்டி, எம்.காம். முடித்தாள். பெண் பார்க்க வந்தவர்களோ காப்பியைக் குடித்துவிட்டு, அந்தத் தடித்த கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆத்தா மாயக்காள்தான் லேசர் ஆபரேஷனுக்கு இழுத்துப்போனாள். மறுநாள் பாண்டீஸ்வரி வெறுங்கண்ணால் எதிர்மாடியில் காய்ந்த சேலையின் பூக்களைப் பார்த்து அழுதாள்.

"அழுகாதடி, கண்ணு கெட்டுரும்" என்ற மாயக்காள், கண்ணாடி போட்ட பழைய போட்டோக்களை பீரோவில் வைத்துப் பூட்டினாள். "போற வீட்ல இதப்பத்தி மூச்சு விடக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

அடுத்து வந்த செக்கானூரணி அருண்பாண்டிக்கு அவளைப் பிடித்துப்போனது. "கண்ணுதான் அழகே" என்றாள் அவன் அம்மா.

புகுந்த வீட்டில், ஆபரேஷன் செய்த கண் வறண்டு மணலாக உறுத்தும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டுமருந்து விடுவாள். இருட்டினால் வண்டி விளக்கெல்லாம் பூவாக விரியும். தலைவலி என்று சொல்லி ஸ்கூட்டியை எடுக்க மாட்டாள். புருஷனிடம் சொல்லிவிடலாமென்று வாய்வரை வரும். ஆத்தா முகம் வந்து நிற்கும்.

மகள் முத்துமீனா யூ.கே.ஜி. போனபோது, போர்டு எழுத்து பிள்ளைக்குத் தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பினார். மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினார்கள்.

"பவர் ஜாஸ்தியா இருக்கே. உங்க ரெண்டு பேர்ல யாருக்காச்சும் சின்ன வயசுல இருந்துச்சா?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு பேருக்குமே நல்ல கண்ணு மேடம்" என்றான் அருண்பாண்டி.

பாண்டீஸ்வரி பிள்ளையின் தலையைத் தடவினாள். "எனக்கு இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி லேசர் பண்ணுனேன்."

திரும்பும் வழியில், கோரிப்பாளையம் சிக்னலில் அவன் கேட்டான். "வேற என்னத்தையெல்லாம் மறைச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல மாமா. கண்ணாடியோட இருந்தா என்னையக் கட்டியிருப்பீகளா?"

பச்சை விழுந்தது. வண்டியைக் கிளப்பினான்.

விஷயம் தெரிந்த மாமியார், சம்பந்தி மாயக்காளுக்குப் போன் போட்டு, "நொள்ளக் கண்ண மறைச்சு எங்க தலையில கட்டிட்டீகளே!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். கத்தி ஓய்ந்த சில நாளில், பேத்தியின் புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "விசேஷ வீடுகளுக்கு இத மாட்டிவிடாத. வளரட்டும், இவளுக்கும் லேசரப் பண்ணிச் சத்தமில்லாம தள்ளிவிட்டுருவோம்."

பாண்டீஸ்வரி கண்ணாடியைப் பிடுங்கிப் பிள்ளைக்கு மாட்டினாள். "எங்க போனாலும் இதப் போட்டுக்கிட்டுத்தான் வருவா, அத்தை."

அருண்பாண்டி காதில் விழாதவன்போல டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்த கல்யாண முகூர்த்தத்துக்கு, கண்ணாடி போட்ட பிள்ளையையும் பாண்டீஸ்வரியையும் வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவும் மகனும் மட்டும் கிளம்பிப் போனார்கள்.