கிளிப் போட்ட நாவல்கள்

கடைசிப் பதினைந்து பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டிய பிறகுதான் கண்ணாடிக்காரர் எந்த நாவலையும் படிக்கத் தொடங்குவார். கிளிப் வரைக்கும் படிப்பார். அது வந்ததும் மூடி அலமாரியில் வைத்துவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிடுவார்.

அலமாரியில் இருநூற்றுச் சொச்சம் நாவல்கள் இப்படி வாய் கட்டி நிற்கின்றன. பால்கனிக் கொடியில் ஒரு கிளிப் கூட மிச்சமில்லை. காற்றடித்தால் அவருடைய சட்டைகள் கீழ்வீட்டுக்குக் குடிபோய்விடும். "கதைக்குக் கிளிப் இருக்கு, போடற சட்டைக்கு இல்ல" என்று சொல்லிச் சொல்லி மனைவி ஓய்ந்துவிட்டார்.

தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. சுவரில் எழுத்துப் பலகை தொங்கினாலும், வருகிறவர்களிடம் நாவலில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார். ஆள் கதைக்குள் இறங்கும் நேரம் பார்த்துப் பிடுங்கிக்கொள்வார். "போதும், பார்வை நல்லாருக்கு. மிச்சத்த வாங்கிப் படிங்க."

முகநூலில் அவரைப் பதினோராயிரம் பேர் தொடர்கிறார்கள். நாயகியின் செருப்பு வார் அறுந்தது வரை விலாவாரியாக எழுதுவார். முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். "இந்த நாகரிகம் யாருக்கு வரும் ஐயா" என்று உருகுகிறார்கள். ஒரு வாசகர் வட்டம் 'முடிவு காத்த செம்மல்' என்று பட்டமளித்துக் கேடயமும் கொடுத்தது. தெரியாததைச் சொல்லாமல் இருந்ததற்குப் பரிசு வாங்கிய கூச்சம் அவருக்கு உண்டு. கேடயத்தை ஆடுகிற அலமாரிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஏன் இப்படி என்று மனைவி ஒருமுறை கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முடிச்சிட்டா அவங்கள்லாம் எங்க போவாங்க? இப்ப எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" வேடிக்கையில்லை, மனிதர் மனதார நம்புகிறார்.

போன வாரம் ஒரு தையற்கார அம்மா கடையேறி வந்தார். மறுநாள் காலை அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. இவர் எழுதியதைப் பார்த்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலைத் தேடி வாங்கியிருக்கிறார். அதில் கடைசித் தாள்களைக் காணோம்.

"சார், அந்தப் பொண்ணு கப்பல்ல ஏறினாளா இல்லையா? கண்ணக் கட்டிப் படுக்க வச்சா இதையேதான் நெனச்சிட்டுக் கெடப்பேன்."

"நான் முடிவு சொல்றதில்லையேம்மா."

"ஊருக்குச் சொல்லாதீங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க."

தன் பிரதியைக் கொடுத்துவிடலாமென்றால், கண்ணில் மருந்து விட்டிருந்ததில் அந்த அம்மாவுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தெரியாது என்றால் மானம் போய்விடும். ஏறினாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். ஆனால் ஏறாதவளை ஏற்றிவிட்டால் அவள் கதி என்ன? "என் வாயால சொன்னதில்லம்மா. என் வீட்டுக்காரி போன்ல படிச்சுக் காட்டுவா" என்று கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி அந்த நாவலின் கிளிப்பைக் கழற்றினார். முதல் காரியமாகப் பால்கனிக்குப் போய் அதை ஒரு சட்டையில் மாட்டிவிட்டு வந்தார். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டு, கைபேசியை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுப் படிக்கத் தொடங்கினார்.

கண்ணாடிக்காரர் அதற்குள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவியின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அதையும் பார்க்கக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பினார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. மறுபடி திரும்பியபோது மனைவி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

கண்ணாடிக்காரர் இடது காதுப் பஞ்சை மட்டும் மெல்ல இழுத்தார்.