மிதப்புக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்

சிகரெட் புகை, பினாயில், பெயர் தெரியாத ஏதோ வெளிநாட்டுச் சோப்பு எல்லாம் கலந்த ஒரு வாசம், வேலை முடிந்து வரும் ராஜாத்தி அத்தைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் நுழையும். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில், கரையிறங்கும் கப்பல்காரர்கள் இளைப்பாறுவதற்கென்று ஒரு விடுதி இருந்தது. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அவர்கள் தங்கள் நாட்டுக்கு டெலிபோனில் பேசி முடித்ததும், நேரம் பார்த்து ரசீது எழுதிக் கொடுப்பதுதான் அப்பாவின் தங்கையான அத்தைக்கு வேலை. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் விறுவிறுவென்று அவள் நடந்து போவதைத் தெருவில் "எடுப்பு" என்றார்கள், "பவுசு" என்றார்கள், குழாயடியில் கூடும்போது "மிதப்பு" என்றார்கள். "அவளுக்குக் காலு தரையில பாவாதுல்லா" என்று ஒருத்தி சொன்னதை நானே கேட்டு வந்து அத்தையிடம் சொன்னேன். "பாவாட்டா பாவாம இருந்துட்டுப் போவுது" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயது. இயந்திரம் பழுதாகி ஒரு கப்பல் மாதக்கணக்கில் துறைமுகத்தில் நின்றுபோயிருந்தது. அதில் வந்திருந்த பெரு நாட்டு முதியவர் ஒருவர், மகளிடம் பேசுவதற்காகத் தினமும் அத்தையின் மேசைக்கு எதிரே காத்திருப்பாராம். அவருக்கு முன்னால் கூண்டுக்குள் போய், மார்பை விரித்துக்கொண்டு கட்டடமே அதிரப் பேசும் தங்கள் அதிகாரியைக் கண்ணால் காட்டித்தான் அவர் அந்த ஸ்பானிஷ் சொல்லை அத்தைக்குச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே அத்தை எனக்கு விளக்கினாள்: "இங்கிலீஷ்ல 'ஷோ ஆஃப்'ம்பாவ. அது சும்மா காட்டிக்கிடுதவன். ஸ்பானிஷ்ல 'கிரெயீதோ'. நம்பிட்டவன்னு அர்த்தமாம். தன்னப் பத்தித் தான் சொன்னதயே நம்பிட்டான், பாவம்." பெண்ணாக இருந்தால் "கிரெயீதா". வாய்ச்சவடால் அடிக்கிறவன் "ஃபன்ஃபர்ரோன்".

அதன் பிறகு தெருவில் எங்களிடமிருந்து ஒருவரும் தப்பவில்லை. கொழும்பில் தான் வியாபாரம் செய்த பெருமையைச் சொல்லிக்கொண்டே வெல்லத்தை நிறுக்கும் பலசரக்குக்கடை அண்ணாச்சி ஃபன்ஃபர்ரோன் ஆனார். பிரம்பைச் சுழற்றிக்கொண்டு வரும் என் கணக்கு டீச்சர் கிரெயீதா ஆனாள். யார் முகத்துக்கு நேராகவும் சொல்லலாம், யாருக்கும் விளங்காது. வகுப்பில் வேறு எவளுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பிலேயே நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

அந்த வருஷம் நாசரேத் பக்கத்திலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவில் மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். அத்தை என் காதில் "கிரெயீதோ" என்றாள், இருவரும் சிரித்தோம். பிறகு அவளே அந்தப் போட்டோவை மறுபடியும் எடுத்துப் பார்த்து, "இருந்தாலும் நல்ல மொகந்தாம்ளா" என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். காப்பி கொடுத்து முடிந்ததும் மாப்பிள்ளையின் தாயார் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏளா, ஒங்க அத்த எப்படி?" என்று கேட்டார்.

"அத்தைக்கு ஸ்பானிஷ்லாம் தெரியும். எனக்கும் தெரியும்."

"அப்படியா! எங்க, ஒரு வார்த்த சொல்லு கேப்போம்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "கிரெயீதோ" என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். "மண்டக்கனம் புடிச்சவன். மாப்பிள போட்டோவப் பாத்து அத்த சொன்னா."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். தன் தாயாரின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்தார்கள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா பேசினார். "கண்ட கப்பல்காரங்கூட பேசிப் பேசி வாய் நீண்டு போச்சு. நாளையிலருந்து நீ அங்கன போவாண்டாம்."

"அலமாரிச் சாவி எங்கிட்ட இருக்குண்ணே. அத மட்டும் குடுத்துட்டு வந்துருதேன்."

"எங்கிட்டக் குடு. நான் குடுத்துக்கிடுதேன்."

அத்தை உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தாள். அழவில்லை. என்னை அடிக்கவுமில்லை, ஏன் சொன்னாய் என்று கேட்கவுமில்லை. மறுநாள் சாயங்காலமும் மாடியில் துணி மடித்தோம். அவள் சேலைகளை எடுத்துக்கொண்டாள், நான் சின்னத் துணிகளை எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ஆழ்வார்திருநகரியில் பாத்திரக்கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்று எனக்குப் புதுப்பாவாடை. பந்தியில் இரண்டாவது லட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

இப்போது நான் துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விடுதி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கப்பல்காரர்கள் மேல்தளத்தில் நின்றபடியே கைபேசியில் மகள்களின் முகத்தைப் பார்த்துப் பேசிவிடுகிறார்கள். கரைக்கு வருகிறவர்களே குறைவு.

அப்பாவும் மாமாவும் காலமான பிறகு, போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பிடும்போது, முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "என்னாலதான அத்தே ஒன் வேலையும் போச்சு, அந்த நாசரேத்து எடமும் போச்சு."

அத்தை குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவிய பொண்ணு பாக்க வாரதுக்கு முந்துன வாரமே ஒங்கப்பா அந்த மேனேஜரப் பாத்து, தங்கச்சி அடுத்த வாரத்துலருந்து வரமாட்டான்னு சொல்லிட்டு வந்துட்டாவ. அன்னைக்கே மேனேஜர் எங்கிட்டச் சொல்லிட்டாரு. நீ பேசுனது அண்ணனுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். எல்லாம் ஒன்னாலதான்னு நெனச்சுக்கிட்டா இருந்த இத்தன வருசமும்?"

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அப்பா மேல் கோபமாவது வந்திருக்க வேண்டும். வந்தது, மாடியில் துணி மடித்துக்கொண்டே அவள் சொல்லித்தந்த 'கிரெயீதா'தான்.

"மோர் ஊத்தவா?" என்றாள் அத்தை.

ஊற்றச் சொன்னேன்.