அண்ணனின் கோடு

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். நுரையீரல் நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு குழாயில் ஊதுவார்கள். மூச்சின் அளவு எண்ணாக விழும். அந்த எண்களை ஆளுக்கொரு கோடாக்கி, புது மருந்து கேட்கிறதா என்று சொல்வது அவள் வேலை. எந்நேரமும் முணுமுணுப்பு வேறு. பக்கத்து மேசையில் எனக்குக் காது புளித்துவிட்டது.

அவளுடைய அண்ணனும் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்தான். இரண்டாம் முறை ஊதிவிட்டுப் போனவர், மூன்றாம் முறைக்குள் இறந்துவிட்டார். எங்களிடம் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. ஆள் வராவிட்டால் கடைசியாக ஊதிய எண்ணையே அடுத்தடுத்த கட்டங்களிலும் போட்டுவிடுவோம். ஊருக்குப் போனவருக்கும் அதேதான், செத்தவருக்கும் அதேதான். அதனால் அண்ணனின் கோடு இறங்காமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் பலருடையதும் அப்படித்தான்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா என்ன? ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அண்ணனுடைய புதுப் புள்ளியைத்தான் முதலில் தேடுவாள். "இந்தத் தடவையும் ஊதிட்டாரு பாரேன்" என்றாள் ஒருநாள், திரையில் காதை வைத்துக்கொண்டு. திட்டலாம் என்றுதான் எழுந்தேன். திட்டாமலே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அண்ணி வந்தார். அவருக்கும் அதே நோய். மாடி ஏறி வந்ததில் பேச்சே எழவில்லை. பழைய மருந்தை நிறுத்திவிட்டுப் புது மருந்துக்கு மாறப்போவதாகச் சொன்னார்.

"உங்கண்ணன் ஆயுசு அவ்வளவுதான், ஆனா மருந்து அவருக்கு நல்லாக் கேட்டுச்சுன்னு நீதானேம்மா சொன்னே? நீ சரின்னா நாளைக்கே மாறிடறேன்."

 அப்புறம் போனில் சொல்கிறேன் என்று கோட்டக்கா அவரை அனுப்பினாள். செத்தவர்களைச் செத்தவர்களாகவே எண்ணிக் கணக்கைத் திரும்பப் போட உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோடாக நிறுத்திக்கொண்டே வந்தவள், அண்ணனுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அதை என்னை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். என்னால் ஆகாது, ஆளை விடு என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கும் பயம்தான்.

கடைசியில் அவளே அழுத்தினாள். இரண்டாம் புள்ளியோடு கோடு நின்றது. மருந்துக்கு இருப்பதாகத் தெரிந்த பலனும் காணாமல் போயிற்று.

போனை எடுத்தாள். "வேண்டாம் அண்ணி. பழைய மருந்தையே சாப்பிடுங்க" என்றாள். "உங்கண்ணனுக்கு நல்லாத்தானே கேட்டுச்சு?" என்று அந்தப் பக்கம் அண்ணி கேட்டது எனக்கும் கேட்டது. அவள் திரையில் அண்ணனின் கோடு நின்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இல்ல அண்ணி" என்றாள். "அண்ணன் போயிட்டாரு."