நிறைமாசத்தின் வயிறு

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. தையல் கூடத்தைப் பொறுத்தவரை அவளுக்கு இன்னும் பிரசவமே ஆகவில்லை. கர்ப்பிணிகளுக்கான கவுன் தைக்கும் இடம் அது. அளவு பார்க்க ஒரு பொம்மை வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. "ஏ நிறைமாசம், இங்க வா!" என்று கட்டிங் மாஸ்டர், இன்னும் வயிறு இறங்காமல் அங்கே தைத்துக்கொண்டிருக்கும் அவளைத்தான் கூப்பிடுவார். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். பொத்தான் தைக்கிறவள் வரைக்கும் சிரிப்பாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் சிரித்துத் தொலையட்டும், வீட்டிலாவது சும்மா இருந்தார்களா? "வாயக் கட்டுடி, வயிறு தானா இறங்கும்," என்றாள் நாத்தனார். கட்டினாள். கன்னம்தான் ஒட்டியது. புருஷன் எங்கோ பார்த்துவிட்டு வந்து, மல்லாந்து படுத்து எழும்பும் பயிற்சி சொல்லிக்கொடுத்தான். மூச்சு முட்டச் செய்தாள். எழும்பும்போதெல்லாம் வயிற்றின் நடுவே கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழுந்தது. இடுப்புவலிதான் மிச்சம். டாக்டரோ தொட்டுக்கூடப் பார்க்காமல், "குழந்தை பெத்தா அப்படித்தாம்மா," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கடைசியில் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்தான் அவளைப் படுக்கவைத்து, தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே கையை வைத்தாள். மூன்று விரல் உள்ளே இறங்கியது.

"இது கொழுப்பு இல்லக்கா. வயித்துத் தசை ரெண்டும் விலகி நிக்குது. அந்தப் பயிற்சிய விட்டுடுங்க, நான் வேற சொல்லித் தரேன். கொஞ்ச நாளைக்குப் பாரம் மட்டும் தூக்காதீங்க."

அடப்பாவிகளா! அப்போ இத்தனை நாள் அரைவயிறாகக் கிடந்தது எதற்கு? அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள், இனி துணிக்கட்டு தூக்கமாட்டேன், வயிறு சரியாகவேண்டும் என்று மாஸ்டரிடம் காரணத்தோடு சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறமா வயித்த சரி பண்ணிக்கோயேன். இப்ப உன் அளவு மாறினா எனக்கில்ல தலவலி?"

கூடமே கொல்லென்று சிரித்தது. மாஸ்டரின் தொப்பையும் சேர்ந்து குலுங்கியது. அவள் அதைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த பூப்போட்ட கவுனை எடுத்து, அவர் சுதாரிப்பதற்குள் தலைவழியே மாட்டி இழுத்துவிட்டாள். வயிற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பொருந்துதே மாஸ்டர்! இனிமே நீங்களே நில்லுங்க. உங்களுக்கு எத்தனாவது மாசம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலையே, ஏன்?"

யாரும் சிரிக்கவில்லை. கவுனுக்குள் கை சிக்கித் திணறியவருக்கு யாரும் போய் உதவவுமில்லை. அவள் தன் மிஷினில் போய் உட்கார்ந்தாள். அடுத்த துணிக்கட்டை அவர்தான் சுமந்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.