சூளைச் சூடு

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறவர். சூளைக்காரர்களுக்கு எந்த வியாதி வந்தாலும் ஒரே பேர்தான்: சூடு. கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு. இவருக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனபோதும் கூட வேலை பார்க்கிறவர்கள் அதையேதான் சொன்னார்கள். இளநீர், வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். இரண்டொரு நாளில் தானாகத் தெளிந்துவிடும். வைத்தியம் பலித்தது என்று நினைத்துக்கொள்வோம்.

அதோடு விட்டார்களா? கோழிக்குழம்பு கூடாது என்றார்கள். பிறகு, பெண்டாட்டி பக்கத்தில் படுப்பதும் சூடுதான் என்றார்கள். மனுஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மாமியார் பார்த்த பார்வையில், சூளையைவிட நான்தான் கொதிக்கிறேன் போலிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறும். இதையெல்லாம் போய் யாரிடம் சொல்ல?

கால் வீங்கிய பிறகுதான் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் முதலில் கேட்டது தொண்டையைப் பற்றி. யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் தொண்டை வலியோடுதான் அந்த நிறம் வந்திருக்கிறது. முதுகில் ஊசி விட்டு, கிட்னியிலிருந்து நூல் அளவு சதை எடுத்தார்கள். கிட்னி தேறுமா, டயாலிசிஸ்தானா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியுமாம்.

ரிசல்ட் அன்று அந்தச் சதையைச் சோதித்த டாக்டரம்மாவை நான் விடவில்லை. "கண்ணால பாக்காம வூட்டுக்குப் போவமாட்டேம்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் இருவரையும் மைக்ராஸ்கோப் அறைக்குக் கூட்டிப்போய்த் திரையில் காட்டினார். ரோஸ் நிறத்தில் வட்டம் வட்டமாக நூல்கண்டுகள். ஒவ்வொன்றும் ரத்தத்தை வடிகட்டுகிற சல்லடையாம். அவற்றின் நடுத்தண்டில் செல்கள் கூடித் தடித்திருந்தன. இதை மட்டும் வைத்துப் பேர் சொல்ல முடியாது என்று, வேறு சாயம் போட்ட கண்ணாடித் துண்டை வைத்து அறை விளக்கை அணைத்தார். கறுப்புத் தரையில் கோலப்பொடி சிந்தினாற்போல், அதே நடுத்தண்டு நெடுகப் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன. அழகாக இருந்தது. இது போய் அழகாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"இது ஐஜிஏ. கிருமியை எதிர்க்க நம்ம உடம்பே செய்யறதுதான். இவருக்கு அது கிட்னியில வந்து தங்கிடுது. தொண்டையில கிருமி வந்தா தொந்தரவு ஜாஸ்தியாவுது."

என் வீட்டுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அப்ப இது சூடு இல்லீங்களா?"

"சூடெல்லாம் இல்லீங்க."

சில கண்டுகள் தழும்பாகிச் சுருங்கிவிட்டன, அதெல்லாம் இனி திரும்பாது, மீதியெல்லாம் வேலை செய்கின்றன என்றார். உப்பைக் குறைத்து, பிரஷரை ஏறவிடாமல், மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் ரொம்ப நாள் காப்பாற்றப் பார்க்கலாம். உறுதிமொழி மட்டும் கேட்கக்கூடாதாம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாதி பயம், பாதி நிம்மதி.

பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் மாமியார் இளநீரோடு நின்றிருந்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அம்மாவிடம் சொல்வார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவரோ நேரே மாடிக்குப் போனார். சுருட்டிய பாயோடு இறங்கி வந்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.