நீர்மூழ்கியின் நான்கு கைப்பிடிகள்

புளித்த வெல்லப்பாகின் வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் கடற்போர்தான் நினைவுக்கு வரும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் அத்தா கட்டிய நீர்மூழ்கிக் கப்பல், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து வந்த பழைய இரும்புப் பாகுப் பீப்பாய்களை வெட்டிச் செய்தது. எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசனை போகவில்லை, எறும்பும் போகவில்லை.

அத்தாவுக்குக் கள்ளக்குறிச்சியில் இரும்புச் சாமான் கடை. பழைய பேப்பர் கட்டு ஒன்றில், உலகப் போரில் இரண்டே பேர் உட்கார்ந்து போன குட்டி நீர்மூழ்கியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிவிடுவார்; அவருடைய கூட்டாளி, வெல்டர் ஆரோக்கியம் மாமா, சைக்கிளில் வந்து சேருவார். "கடலையே பாக்காத ரெண்டு பேரு கப்பல் கட்டிக்கினுகீறோம் பாய்" என்று அவர் சொல்லாத வாரம் இல்லை. அதைத் தண்ணீரில் விடும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. என் பள்ளி ஆண்டு விழாவில் மைதானத்தில் வைத்து, பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அத்தாவின் ஆசை.

நீல வர்ணம் அடித்தார்கள். தூக்கிப் போவதற்காகப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கைப்பிடிகள் வைத்தார்கள். அதில் ஒன்றை ஆரோக்கியம் மாமா கோணலாக வளைத்துவிட்டார், அத்தா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார். தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. எனக்கு எட்டு வயது.

"அத்தா, நம்ம பள்ளிவாசல் சந்தூக்கு மாதிரியே கீது" என்றேன்.

இறந்தவரின் உடலை, மய்யித்தை, வைத்துத் தூக்கிப் போகும் பெட்டியை எங்கள் தெருவில் "சந்தூக்கு" என்போம். அதே நீளம், அதே மூடி, அதே நான்கு கைப்பிடி. பாராட்டாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"புள்ள வாய வச்சிட்டாளேங்க. இத்த வூட்ல வச்சிக்கினு நான் எப்பிடி இருக்கறது?" என்று அம்மா அழுதார்.

"கைப்புடிய அறுத்துட்டா போவுது பாய். புள்ள இன்னா கெட்டதா சொல்லிட்டுது?" என்றார் ஆரோக்கியம் மாமா.

அறுத்தார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் எல்லோருக்கும் அது "பாய் வூட்டு சந்தூக்கு". ஆண்டு விழாவுக்கு வேண்டாமென்று பள்ளியிலிருந்தும் நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தா கப்பலைத் துண்டு போட்டு எடைக்கு அனுப்பினார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களிலும் கடையிலேயே இருந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அடி கொடுத்திருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

போன வருஷம் அத்தா மௌத்தானார். அவரைத் தூக்க வந்த சந்தூக்கு பழைய மரச் சந்தூக்கு இல்லை. இரும்பில் செய்து பச்சை வர்ணம் அடித்தது. கபுறுஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் வாசலோடு நின்று பார்த்தேன். கைப்பிடிகளில் பச்சை தேய்ந்த இடத்தில் நீலம் தெரிந்தது. ஒன்று கோணலாக இருந்தது.

மரச் சந்தூக்கு உளுத்துப்போனபோது, புதிதாகச் செய்ய இரும்பெல்லாம் கடையிலிருந்து கொடுத்தது அத்தாதான் என்று அம்மா பிறகு சொன்னார். அந்தக் கைப்பிடிகளை அவர் அத்தனை காலம் எங்கே வைத்திருந்தார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஆரோக்கியம் மாமா அதற்கு முன்பே போய்விட்டார். கொல்லை இருந்த இடத்தில் வாடகை வீடு எழும்பிவிட்டது. பாகு வாசனைகூட இல்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் அத்தா என்று சொல்வதற்கு எனக்கு நாற்பது வருஷம் இருந்தது. சொல்லவில்லை.