காசாபிளாங்காவில் எடுத்த மொன்றியல் படம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில், நாங்கள் விமானம் ஏறிப்போய்ப் பொய்ப்படம் ஒன்று எடுத்துவந்தோம். மொன்றியலில், வில்லரேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல பூங்கா உண்டு. ஆனால் அம்மாவின் தம்பி அகப்பட்டிருந்தது மொரோக்கோவின் காசாபிளாங்காவில்.

கனடாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் மாமாவை அங்கே விட்டுவிட்டு மாயமாகியிருந்தான். யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தையோடு இருந்த மாமி ஏங்கிப்போகக்கூடாது என்று, மாமா மொன்றியல் வந்து சேர்ந்துவிட்டதாகவே வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். மாமியோ, "ஒரு படமாவது அனுப்புங்கோ மச்சாள்" என்று கேட்டபடி இருந்தார்.

கடவுச்சீட்டு இல்லாத மாமாவுக்கு நாங்கள் தங்கிய ஹோட்டல் பக்கம் வரப் பயம். அதனால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய பூங்கா ஒன்றில் சந்தித்தோம். நடைபாதையின் இருபுறமும் நெடுநெடுவென்று பேரீச்சை மரங்கள். மற்றச் சனமெல்லாம் அவற்றோடு நின்று படம் எடுக்க, நாங்கள் படத்தில் அவை விழாத மூலை தேடி அலைந்தோம். விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசியில் ஒரு வேலியோரம் கிடைத்தது. அம்மா பையைத் திறந்து அப்பாவின் பனிக்கால ஜக்கெட்டை எடுத்தார். அந்தக் கோடையில் மொன்றியலிலும் வியர்த்துத்தான் கொட்டும். ஆனால் கனடா என்றால் குளிர். ஜக்கெட் இல்லாத படத்தை மாமி நம்பமாட்டார்.

கொளுத்தும் வெயிலில் அதைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்துக் காவலாளி வந்துவிட்டார். "அவருக்குக் காய்ச்சல்" என்று பிரெஞ்சில் அவிழ்த்துவிட்டேன். அவர் போனதும் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அப்பா படத்தை எடுத்தார். மாமி முழுதாக நம்பிவிட்டார்.

பூங்கா வாசலில் அம்மா மாமாவின் கையை விடவில்லை.

"கடலால மட்டும் போயிடாதை தம்பி."

"சீ, நான் போவனே அக்கா?"

மார்கழியில் போனார். படகு கரை சேரவில்லை.

மாமிக்கு அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. மொன்றியலில் இருப்பவர் எப்படி ஆபிரிக்கக் கடலில் சாவார்? போன் எடுக்காத மாமாவைப் பற்றி மாமி தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"அங்க ஆரையோ பிடிச்சிட்டார், மச்சாள். நீங்களும் சேர்ந்து மறைக்கிறியள்."

ஞாயிறுதோறும் மாமி வாய்க்கு வந்தபடி ஏசுவார். அம்மா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். செத்துப்போன தம்பிக்காக ஒரு வார்த்தை பேசாத அம்மாவை நான் வெறுத்தேன். அந்த ஏச்சு முடியும்வரையாவது தம்பி எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று எண்ணித்தான் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.